கடைசியில் சூப்

1

"நான் என்ன சொன்னேன், நீ என்னத்தை எழுதி—"

"நீங்க சொன்னதைத்தான் அண்ணி, ஒரு எழுத்துகூட—"

"—எழுதி அனுப்பியிருக்கே? ஊரே சிரிக்கப் போகுது. புட்டிங், மீன், சூப். இந்த வரிசையில எந்த ஊர்ல சாப்பிடறாங்க? வயிறு முட்டத் தின்னு ஏப்பம் விட்டவன் முன்னாடி சூப்பைக் கொண்டு போய் வெச்சா அவன் என்னை என்னன்னு நினைப்பான்?"

"இந்த வரிசையில சொன்னது யாரு?"

"நான் வேலை வரிசையில சொன்னேன். புட்டிங் காலையிலேயே குளிரப் போகணும். மீன் மதியம்தான் வரும். சூப் கடைசி ஆள் போற வரைக்கும் அடுப்புல கிடக்கும். என்னிக்கு நான் வேற மாதிரி சொல்லியிருக்கேன்?"

"அதான். என்னிக்கும் சொல்ற மாதிரி சொன்னீங்க, என்னிக்கும் எழுதற மாதிரி எழுதினேன்."

"என்னிக்கும் எழுதறது மார்க்கெட்டுக்கு. இது மேசைக்கு. கல்லாவுல உட்கார்ந்திருக்கிறவளுக்கு வித்தியாசம் தெரிய வேண்டாமா? என்னங்க, நீங்களாவது வாயைத் திறங்க."

"எனக்குப் பாத்திரம் கிடக்கு," என்றது மூன்றாவது குரல், தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளிருந்து.

2

இந்தச் சண்டையில் இரண்டு வரிதான் நான் காதால் கேட்டது, அதுவும் பின்னொரு நாள், வேறு பேச்சுக்கு நடுவில். "நீங்க சொன்னதைத்தான் அண்ணி" ஒன்று, "எனக்குப் பாத்திரம் கிடக்கு" இன்னொன்று. மீதி என் சமையல்.

எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். ஆள் எப்படி இருப்பார், என்ன கட்டியிருந்தார் என்று யாராவது கேட்டால் முழிப்பேன். என்ன சொன்னார், எந்த இடத்தில் மூச்சு வாங்கினார் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வருடத்தில் ஒரு வாரம் நகரத்து ஓட்டல்கள் எல்லாம் கூடி ஒரு ஏற்பாடு செய்கின்றன. பெரிய ஓட்டல், சின்ன ஓட்டல் என்ற பேதம் கிடையாது. எங்கே போனாலும் மூன்று வகைச் சாப்பாடு, எல்லா இடத்திலும் ஒரே விலை. எந்த ஓட்டலில் என்ன என்பதை ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்து நூலகம், மருந்துக் கடை, பஸ் நிறுத்தம் என்று கண்ட இடத்திலும் வைப்பார்கள். அச்சிட்டது அச்சிட்டபடியே மேசைக்கு வர வேண்டும் என்பது விதி. மாற்றினால் ஓட்டலை அந்த ஏற்பாட்டிலிருந்தே தூக்கிவிடுவார்கள்.

என் தோழிக்கு இந்த வாரம் வந்தால் கால் தரையில் நிற்காது. "வருஷம் பூரா கண்ணாடிக்கு வெளியே நின்னு பார்த்த இடத்துல இந்த ஒரு வாரம் உள்ளே போய்க் காலை நீட்டி உட்காரலாம்டி," என்பாள். போன முறை அவள்தான் புத்தகத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இங்க பாரு. புட்டிங், அப்புறம் சுட்ட மீன், கடைசியில பூசணி சூப். ஒண்ணு தப்பு, இல்லேன்னா பைத்தியம். எதுன்னு பார்த்துட்டு வந்துடலாம், கிளம்பு."

போனோம். சமையலறையிலிருந்து தட்டை நீட்டும் ஜன்னலுக்குப் பக்கத்து மேசை கிடைத்தது. அந்த ஜன்னலை ஒட்டி உட்காரக் கூடாத ஆள் நான். உட்கார்ந்தேன்.

3

இந்தக் கதையை முதலில் வேறு மாதிரி ஆரம்பித்தேன்.

[முதல் தொடக்கம்: "மாலை வெயில் மேசை விரிப்புகளின் மேல் சாய்ந்துகொண்டிருந்த" — விட்டுவிட்டேன். வெயில் சாயாத கதை ஒன்றாவது இருக்கட்டும்.]

[இரண்டாவது: "அண்ணி உயரமானவள். நெற்றியில் ஒரு" — நெற்றியில் என்ன? ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது முழங்கைக்குக் கீழே உள்ள கைதான். மாவு படிந்த கை. குரல் மட்டும்தான் உயரம்.]

[மூன்றாவது: "உணவு என்பது மனித குலத்தின்" — தோழி இதைப் படித்துவிட்டு, "யாருடி செத்துட்டாங்க?" என்று கேட்டாள்.]

கதையையும் அந்த ஓட்டல் சாப்பாடு மாதிரியே பரிமாறினால் என்ன என்றும் தோன்றியது. இனிப்பான முடிவு முதலில், கொதிக்கிற சண்டை கடைசியில். இரண்டு நாள் அப்படி எழுதிப் பார்த்தேன். நானே வழி தவறிவிட்டேன். அந்த வித்தை அண்ணியின் சூப்புக்குத்தான் வாய்த்தது.

ஆகவே இனி நேராகப் போகிறேன். அண்ணி சொன்னதை எழுதி அனுப்பிய நாத்தனார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். ஏனென்றால் இழப்பதற்கு இருந்தவள் அவள்தான்.

4

அண்ணி போவதாக இருந்தாள்.

ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து மண்டபம் ஒன்றிலிருந்து அவளைத் தலைமைச் சமையலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். செய்தியை அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். கண்ணில் நீர் வழிந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நாத்தனாருக்குத் தெரியவில்லை.

"இங்க என்ன குறை அண்ணி?"

"உன்மேல குறை இல்ல."

"பின்னே?"

"காலையில எட்டு மேசைக்கும் விரிப்பு போடறே. சாயந்தரம் அஞ்சு விரிப்பைக் கறையே இல்லாம மடிச்சு வைக்கிறே. நான் யாருக்குச் சமைக்கிறேன் சொல்லு? காலி நாற்காலிக்கு உப்பு தெரியுமா, புளிப்பு தெரியுமா?"

இந்த ஓட்டலே நாத்தனாரின் பிடிவாதம். அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி வந்து முதல் நாள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, "இந்தக் கையை நாம மூணு பேர் தின்னு தீர்க்கறது அநியாயம்," என்று சொன்னவள். சொன்னதோடு நிற்காமல் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டாள், அண்ணனையும் விட வைத்தாள், இடம் பிடித்தாள், மேசை வாங்கினாள். ஊர் வந்து வரிசையில் நிற்கும் என்று நினைத்தாள். ஊர் எதிர்ச் சாரியில் இருந்த கண்ணாடிக் கதவு ஓட்டலுக்குப் போனது. அங்கே கதவைத் திறந்துவிடவே ஓர் ஆள் நின்றார்.

அண்ணி போய்விட்டால் அவளுக்கு மிஞ்சுவது எட்டு மேசையும், பாத்திரம் கழுவும் ஓர் அண்ணனும்தான். சமைக்கவோ அவளுக்குத் தண்ணீர்கூடச் சரியாகக் கொதிக்காது.

விருந்து மண்டபத்திலிருந்து அழைப்பு வந்த மறுநாளே அவள் ஓட்டலை இந்த ஒரே விலை வாரத்தில் சேர்த்துவிட்டாள்.

"ஒரு வாரம் பாருங்க அண்ணி. நாற்காலி நிறையலேன்னா நானே உங்க பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து மண்டபத்துல விடறேன்."

"சரி, வாரம் முடியட்டும். முடிஞ்ச அன்னிக்கு அவங்களுக்குப் பதில் சொல்றேன்," என்றாள் அண்ணி. அப்புறம் வாணலியைக் கிண்டிக்கொண்டே சாப்பாட்டு வகையைச் சொன்னாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று நாத்தனார் போனில் தட்டி அனுப்பினாள். புட்டிங், மீன், சூப்.

5

புத்தகம் வந்து, மேலே நீங்கள் படித்த சண்டையும் நடந்து முடிந்த பிறகு, அண்ணி ஒரே ஒரு கட்டளை இட்டாள்: போன் பண்ணித் திருத்தச் சொல்லு.

நாத்தனார் வாசலுக்குப் போய் நின்று, புத்தகம் போட்ட ஏற்பாட்டுக்காரர்களிடம் பேசினாள்.

"வணக்கம் சார். புத்தகத்துல எங்க ஓட்டலைப் பத்தி ஒரு சின்ன—"

"அட, நீங்களா. சூப் கடைசி."

"அதேதான் சார். அது வந்து—"

"பிரமாதங்க. கூட்டத்துல உங்களைப் பத்தித்தான் பேச்சு. மத்தவங்க எல்லாம் போன வருஷம் போட்டதையே தூசி தட்டிப் போட்டிருக்காங்க, இவங்க ஒருத்தராவது யோசிச்சிருக்காங்களேன்னு தலைவரே சொன்னார்."

"யோசிச்சுன்னு இல்ல சார்—"

"விளக்கம் எல்லாம் எங்களுக்கு வேண்டாங்க, சாப்பிட வர்றவங்ககிட்ட சொல்லுங்க. முன்பதிவு திறந்தாச்சே, உங்க பக்கத்தைப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. பார்த்தாள். பார்த்துவிட்டு வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள். ஏழு நாளும், இரண்டு வேளையும், ஒரு நாற்காலி மிச்சமில்லை.

உள்ளே வந்து, "திருத்த முடியாதாம் அண்ணி," என்றாள்.

* இந்தப் போன் பேச்சை நான்தான் இட்டுக்கட்டினேன். எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன்: 'தப்பு' என்ற சொல்லை அவள் ஒரு முறைகூட வாயில் எடுக்கவில்லை. 'திருத்துங்கள்' என்று கேட்கவும் இல்லை. அந்த ஆள் பேசவிடவில்லையா, இவள் பேசவில்லையா? என் கை என்னைக் கேட்காமல் எதையோ சொல்லிவிட்டது போலிருக்கிறது. அடிக்க மனம் வரவில்லை. இருக்கட்டும்.

6

முதல் நாள் மதியம். மேசைகள் நிறைந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நாத்தனார் இரண்டு கையிலும் புட்டிங் தட்டுகளோடு ஜன்னலருகே நின்று அசையாமல் இருக்கிறாள்.

"என்ன, சிலையாயிட்டே?"

"பயமா இருக்கு அண்ணி."

"எழுதறப்ப இருந்திருக்கணும் பயம். போ."

போனாள். முதல் மேசையில் ஓர் அப்பாவும் ஏழெட்டு வயதுப் பெண்ணும். தட்டை வைத்ததும் அப்பா கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "அம்மா, இத்தனை வருஷமா வீட்ல சாப்பாட்டை முடிச்சாத்தான் இனிப்புன்னு சொல்லி வளர்த்துட்டேன். இப்ப என் மானத்தை வாங்கறீங்களே," என்றார்.

"இங்க சட்டம் வேற சார்."

"அப்பா, அப்ப நீங்க சொன்னது பொய்யா?"

"பொய் இல்ல கண்ணு. அது வீட்டுச் சட்டம்."

"அப்ப இங்கேயே இருந்துடலாம்."

அடுத்த மேசையில் சிரித்தார்கள். அதற்கடுத்த மேசைக்கும் அது போனது. குழந்தை பாதியில் கரண்டியை வைத்து ஓய்ந்தபோது அப்பா முகத்தை இறுக்கிக்கொண்டு, "புட்டிங்கை முடிச்சாத்தான் மீன்," என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் மேசைக்கு மேசை பேச ஆரம்பித்தார்கள். வாய் இனித்துக் கிடக்கிறவனுக்குக் கோபம் வருவதில்லை என்பதை நாத்தனார் அன்று கண்டுகொண்டாள். மீன் வரத் தாமதமானதை யாரும் கவனிக்கவே இல்லை.

உள்ளே அண்ணி வேறொன்றைக் கண்டுகொண்டிருந்தாள். உட்கார்ந்த உடனே நீட்டப் புட்டிங் தயாராகக் குளிர்ந்து நிற்கிறது. அதை அவர்கள் தின்று முடிக்கும் வரை மீனுக்குக் கால அவகாசம். ஒவ்வொரு மீனையும் அதன் பக்குவத்தில் எடுக்க முடிகிறது. சூப் அடுப்பில் சும்மா கிடக்கிறது, எப்போது கேட்டாலும் சூடு. சமையலறையில் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக யாரும் யாரையும் விரட்டவில்லை.

"ஏங்க," என்றாள் கணவனிடம், "வேலை வரிசையும் மேசை வரிசையும் ஒண்ணாயிட்டா இவ்வளவு லேசா இருக்குமா?"

"தட்டு போதல," என்றார் அவர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு புகார் வந்ததே கிடையாது. சொல்லும்போது குரலில் ஒரு மிதப்பு.

சூப்தான் எல்லோரையும் கட்டிப்போட்டது. சாப்பிட்டு முடித்து எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் ஆவி பறக்கும் கிண்ணம் வந்தால், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மனிதர்கள் அடங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். யாரும் பில் கேட்கவில்லை. ஒரு பெரியவர் கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டு, "வயித்துக்குள்ள விளக்கணைச்சுப் போர்த்திவிட்ட மாதிரி இருக்கு," என்றார். நாத்தனார் அதை அப்படியே கொண்டு போய் ஜன்னலில் சொன்னாள்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றது உள்ளிருந்து குரல்.

இரண்டாம் நாள், முன்பதிவு இல்லாதவர்கள் வாசலில் நின்றார்கள். மூன்றாம் நாள் பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் தானாகவே பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். "நிக்கிறவங்கள்ல பாதிப் பேர் முடி வெட்டிக்கிட்டு வர்றாங்க, எனக்கும் வாரம்தான்," என்றார். நான்காம் நாள் எதிர்ச் சாரிக் கண்ணாடிக் கதவு ஓட்டலின் மேலாளர் தெருவைக் கடந்து வந்து, சும்மா பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அங்கேயும் சூப்பைக் கடைசிக்குத் தள்ளலாமா என்று யோசித்தார்களாம். அச்சிட்டபடிதான் பரிமாற வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. பாவம்.

* "பாவம்" என்பது என் சொல் இல்லை. அண்ணியுடையது. இதை மட்டும் நான் நிஜமாகவே கேட்டேன். அதைச் சொன்ன அழகை எழுத்தில் கொண்டுவர எனக்கு வராது. நான்கு மாத்திரை நீளத்துக்கு இழுத்தாள்.

விரிப்புகள் எட்டும் கறையாகின. ஒவ்வொரு சாயந்தரமும் நாத்தனார் அவற்றை வாரிச் சுருட்டி, அண்ணி கண்ணில் படுகிற மாதிரி ஜன்னலுக்கு நேரே குவித்துவிட்டுத்தான் துவைக்கப் போட்டாள்.

7

இதுவரை எழுதியதைத் தோழியிடம் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் கதையில வர்ற நாத்தனாரை நான் நம்ப மாட்டேன்."

"ஏன்?"

"அவ வேணும்னேதான் மாத்தி எழுதியிருக்கா. தினம் தினம் சாப்பாடு பரிமாறுறவளுக்கு சூப் எப்ப வரும்னு தெரியாதா? புத்தகத்துல நூறு ஓட்டல் இருக்கு. நூறும் ஒரே விலை. எவன் இந்தச் சின்ன ஓட்டலைத் திரும்பிப் பார்ப்பான்? திரும்பிப் பார்க்க வெச்சுட்டா."

"அண்ணி சொன்னதை அப்படியே எழுதறது அவளுக்குக் கைப்பழக்கம். தினமும் மார்க்கெட்டுக்கு அப்படித்தான் எழுதறா. அண்ணி போயிடுவாங்கங்கற பதைப்புல, கை பாட்டுக்கு எழுதிடுச்சு."

"பதைப்புல இருக்கிறவ புத்திசாலியாயிடுவா. உனக்குத் தெரியாதா?"

"நான்தானே அவளை எழுதறேன்? எனக்குத் தெரியாதா அவ மனசு?"

"தெரியுமா? சொல்லு பார்ப்போம்."

வேணுமென்றே செய்தாள் என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். [போனில் விரல் ஒரு கணம் நின்றது. சூப் என்ற சொல்லை மேலே இழுக்கலாம். இழுக்கவில்லை.] நன்றாகத்தான் இருந்தது. தெரியாமல் செய்தாள் என்று இன்னொரு பத்தி எழுதினேன். [வாணலிச் சத்தத்தில் கேட்டதைத் தட்டினாள். அனுப்பினாள். அண்ணி போகாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவள் தலையில் இருந்தது.] அதுவும் நன்றாக இருந்தது. இரண்டிலும் அவள் அவளாகவே இருந்தாள். அதுதான் தொல்லை.

முடிவுகளும் சில எழுதினேன். ஒன்றில், பத்திரிகையில் சாப்பாட்டைப் பற்றி எழுதும் பெரிய மனிதர் மாறுவேடத்தில் வந்து, சூப்பைக் குடித்துவிட்டு அழுகிறார். "இவரை யாருடி கூப்பிட்டா?" என்றாள் தோழி. அனுப்பிவிட்டேன். இன்னொன்றில், அண்ணி மண்டபத்துக்கே போய்விடுகிறாள், நாத்தனார் தானே அடுப்பில் நின்று கற்றுக்கொள்கிறாள்.

"வேண்டாம். நான் அங்க சாப்பிட்டிருக்கேன். அது அழுதுட்டு வர்ற இடம் இல்ல. ஜெயிச்சவங்க வீடு மாதிரி இருந்தது. நீயும்தான் பார்த்தே."

உண்மை. நான் பார்க்கவில்லை, கேட்டேன். ஆனால் உண்மை.

8

நாங்கள் போனது கடைசி நாள் மதியம், எங்களுக்கு முன்பதிவு கிடைத்தது அன்றைக்குத்தான். கூட்டம் கலைந்து, கடைசி ஆட்களாக நாங்கள் இருவர்தான் மிச்சம். கிண்ணத்தில் சூப் இருந்தது. நான் வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தேன்.

இனி வருவதில் என் சமையல் எதுவும் இல்லை. கேட்டதைக் கேட்டபடி வைக்கிறேன்.

"எல்லாரும் போயாச்சா?" அண்ணி.

"ரெண்டு பேர் இருக்காங்க. சூப் குடிக்கிறாங்க."

"குடிக்கட்டும். நீ இப்படி வந்து உட்காரு."

ஸ்டூல் இழுபடும் சத்தம். தண்ணீர்ச் சத்தம் நின்றது. அண்ணன் குழாயை மூடிவிட்டார். அந்த வாரம் முழுக்க அது மூடியிருக்காது.

"மண்டபத்துல இருந்து காலையில கேட்டாங்க. சாயந்தரம் சொல்றேன்னேன்."

"நாற்காலி நிறைஞ்சதா இல்லையா அண்ணி? வாசல் வரைக்கும் நிறைஞ்சது."

"நிறைஞ்சது. என் ஆயுசுல இப்படி ஒரு வாரம் சமைச்சதில்ல. கை வலிக்குது, வலி ருசியா இருக்கு. அதை நான் இல்லேங்கல."

"அப்புறம் என்ன?"

"அடுத்த வாரம் இந்தப் புத்தகம் இருக்காது. அப்ப யார் உள்ள கூட்டிக்கிட்டு வருவா?"

"நான் கூட்டிட்டு வர்றேன்."

"அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். ஏழு நாளா நானும் பார்க்கறேன். கேக்கிறவங்க எல்லார்கிட்டயும், தப்பா எழுதிட்டேன், தப்பா எழுதிட்டேன்னு சொல்லிக்கிட்டே இருக்கே."

"நீங்க கோவிச்சுக்கிட்டீங்களே அண்ணி."

"கோவிச்சுக்கிட்டேன். அப்பக் கோவம். இப்பக் கேக்கறது வேற."

தோழி என் கையைக் கிள்ளினாள். நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். வைத்த சத்தம் கேட்டு உள்ளே பேச்சு ஒரு நொடி நின்றது. அங்கே அதற்குமேல் உட்கார்ந்திருப்பது நியாயமில்லை. காசை மேசையில் வைத்துவிட்டு இருவரும் எழுந்தோம். கதவை எட்டுவதற்குள் அண்ணியின் குரல் மறுபடி வந்தது. நாங்கள் பதிலுக்கு நிற்கவில்லை. கதவு எங்கள் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. பஸ்ஸில் வீடு வரை இருவரும் சண்டை போட்டோம், தோழி ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. இறங்கும்போது இரண்டு பேரும் கட்சி மாறியிருந்தோம்.

நாத்தனாரை இத்தனை பக்கம் என்னோடு பார்த்தவர் நீங்கள். அவள் என்ன எழுதினாள் என்று தெரியும், எப்படிக் கூட்டம் வந்தது என்று தெரியும், யாரை இழக்கக் கூடாது என்று நினைத்தாள் என்றும் தெரியும். பதிலை அவள் வாயில் நான் வைக்கப் போவதில்லை. வைக்கிறவர் நீங்கள். அண்ணி கேட்டதை மட்டும் ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் தருகிறேன்:

"நீ தப்பாத்தான் எழுதியிருந்தா சொல்லிடு, நான் மண்டபத்துக்குப் போறேன், அதிர்ஷ்டத்தை நம்பி ஓட்டல் நடத்த என்னால ஆகாது, ஆனா என்னைக் கேக்காம, எனக்கே தெரியாம, இவ்வளவு பெரிய வேலையை நீ துணிஞ்சு செஞ்சிருந்தா, அப்படிப்பட்டவளை விட்டுட்டு நான் எங்கேயும் போக மாட்டேன், இப்ப என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."